பில் கட்டின் மேல் ஒரு பந்து

சீமெந்துத் தூசிக்குள் காரை நிறுத்தி இறங்கினார்
மட்டக்களப்பு மருந்துக்கடை அருட்பிரகாசம்.
தலைவலி மாத்திரை விற்ற காசில்
பந்து வாங்கிச் சேர்க்கிறவர்.
களுவாஞ்சிகுடிக்கு, என் ஹார்ட்வெயார் கடைக்கு
ஆணி வாங்க வரவில்லை.
பில் கட்டு பறக்காமலிருக்க
மேலே நான் வைத்திருந்ததைப் பார்க்க வந்தார்.

"இன்ஷாபின் முதல் கடினப்பந்து ஆட்டம்,
இதுதானா?"

இதுதான்.
மருதமுனைக் கடற்கரை மைதானம், தும்புப் பாய் விரித்த பிட்ச்.
சோதனைச் சாவடியில் பஸ் நின்றதால்
ஒன்றரை மணித்தியாலம் பிந்திய ஆட்டம்.
அன்று பந்து எங்கள் முறை.
அறுநூற்றைம்பது ரூபா, நான்தான் வாங்கிப் போனேன்.
அவனுக்குப் பதினாறு. மீசை இல்லை.
சப்பாத்து வேறு யாருடையதோ,
ஓடிவரும்போது குதி கழன்று கழன்று அடித்தது.
சிரித்தேன்.
சிரித்த வாயை மூட முதல்
நடுக்குச்சி விக்கெட் காப்பாளனின் காலடியில் கிடந்தது.

மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில்
அருட்பிரகாசம் கணக்குச் சொன்னார்:
அவன் உச்சத்தில் நின்ற நாலு வருஷத்துப் பந்துகள்
கொழும்பெல்லாம் கிடக்கின்றன.
ஐந்து விக்கெட் எடுத்தால்
உடனே கையெழுத்து, உடனே கண்ணாடிப் பெட்டி.
நல்ல பந்துகள்தான்; ஆனால் நிறைய.
இப்போது முப்பத்துமூன்று, முழங்கால் போய்விட்டது,
இந்த வருஷத்துப் பந்தை இனாமாகத்தான் கொடுக்கலாம்.
ஓய்வு என்று அறிவித்தால் ஒரு மாதம் ஏறும்,
பிறகு இறங்கும்.
கடைசிப் பந்துக்கு விலை நிற்கும்,
எது கடைசி என்று வீசுகிறவனுக்கே தெரிந்தால்.
"முதலாவதுதான் தம்பி அரிது.
ஆள் யாரென்று தெரியாத நாளில்
எவன் எடுத்து வைப்பான்?"

நானும் எடுத்து வைக்கவில்லை.
பையோடு கிடந்தது, பை கட்டிலுக்கடியில் கிடந்தது.
மகள் தவழ்ந்த வயதில் உருட்டி, கடித்து,
தையலோரம் அவள் பல் தடம்கூட இருக்கிறது.
அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.
ஆட்டத்தில் பட்ட காயம் விலையைக் கூட்டுமாம்,
வீட்டில் பட்டது குறைக்குமாம்.

அத்தாட்சி கேட்டார்.
ஸ்கோர் புத்தகத்தை எடுத்தேன், இருபத்தேழாம் பக்கம்,
நீலப் பேனை:
கோபிகாந்தன், போல்ட் இன்ஷாப், சைபர்.
அந்த வரியில் அவர் விரல் ஊர்ந்து நின்றது.
"இது இல்லையென்றால் பந்து வெறும் தோல்.
எண்பதாயிரம் தாறன். பக்கத்தோடு."

ஒன்றை நான் அவருக்குச் சொல்லவில்லை.
அதுதான் என் கடைசி ஆட்டம்.
அடுத்த கிழமை சவூதி விசா வந்தது;
திரும்பி வந்தபோது
இடுப்பும் கடனும் பெருத்திருந்தன.
அவனுக்கு முதலாவது, எனக்கு முடிந்தது,
இரண்டும் இதே பந்தில்.
என் பாதிக்கு ஒரு ரூபாகூட ஏறவில்லை.

போன வருஷம் கல்முனையில் ஒரு கல்யாண வீட்டில்
இன்ஷாபைக் கண்டேன்.
"மருதமுனையில உங்களோட விளையாடியிருக்கன்" என்றேன்.
அவனுக்கு ஞாபகமில்லை. நல்ல பிள்ளை, மரியாதைக்குக் கேட்டான்:
"எத்தனை அடிச்சீங்க அண்ணன்?"
பன்னிரண்டு, என்றேன்.

"தொண்ணூறாயிரம்" என்றேன் அருட்பிரகாசத்திடம்.
"கூட்டின பத்து எதுக்கு?"
புத்தகத்தின் அந்த வரியைப் பார்த்தபடி நின்றேன்.
கூரைத் தகடு ஏற்றிய லொறி வாசலுக்கு வந்து
காரை எடுக்கச் சொல்லி ஹோர்ன் அடித்தது.
அவர் பந்தைக் கையில் எடுத்துத்
தையலை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
கடல் பக்கமிருந்து ஒரு காற்று.

பில்கள் கிளம்பின, கடை முழுக்க,
கம்பிக் கட்டுக்குள், பெயின்ட் வாளிக்குள்,
றோட்டுக்கு.
நானும் அவரும் குனிந்து
கடன்காரர் பெயர்களைப் பொறுக்கினோம்.
ஒரு கையால் மட்டும் பொறுக்கினார் அவர்.