இரண்டு மணி வெயில்

எல் ஆல்டோவில் வெயில் சுடும், காற்று சுடாது.
நிழலுக்குள் ஒரு காலை வைத்தால்
அந்தக் கால் மட்டும் ஜூலைக்குப் போய்விடும்.
எங்களுக்கு ஜூலைதான் குளிர்.
குழாய்த் தண்ணீருக்குப் பல் உண்டு.

பக்கத்து வீட்டு இலாரியா
மினிபஸ் கதவில் தொங்கியபடி
நிறுத்தங்களின் பெயர்களைக் கூவுகிறவள்.
இரவில் அவளுக்குக் குரல் இருக்காது.
இல்லாத குரலில் வந்து
என் துளைபோடும் மெஷினைக் கேட்டாள்.
எதற்கு?
வெந்நீருக்கு.

நான் வெல்டர்.
இரும்பைத் தவிர எதையும் நம்பிப் பழகாதவன்.
சோடா பாட்டிலிலும் பால் பெட்டியிலும்
வெந்நீர் வந்தால்
ஆறு பப்பாளி சோடா வாங்கித் தருகிறேன் என்றேன்.
பெரிய பாட்டில், என்றாள்.

அவள் மகள் நைடா
பள்ளியில் காலையில் தரும் பாலின் காலிப் பெட்டிகளை
வகுப்பு முழுக்கக் கேட்டு வாங்கி வந்தாள்.
புத்தகப்பை ஒரு மாதம் புளித்து நாறியது.
பாட்டில்களுக்கு ஒரு கல்யாணம் போதுமானதாக இருந்தது:
ஆட்டம் முடியும்வரை இருவரும் மண்டப வாசலில்
சாக்கோடு நின்றார்கள்.
மாப்பிள்ளை வீட்டார் பிச்சை என்று நினைத்துக்
கறி கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

சுட்ட கத்தியால் பாட்டிலின் அடியை அறுத்து,
பெட்டியை விரித்துக் கறுப்படித்து
(என் கேட்டுக்கு அடித்த பெயின்ட், கேட்காமல் எடுத்தது)
உள்ளே மடித்துச் செருகி,
எல்லாவற்றையும் குழாயில் கோத்தார்கள்,
மணி கோர்ப்பதைப் போல.
மேலே ஒரு பழைய ஆலிவ் ஊறுகாய் டிரம்.

மோட்டார் எங்கே என்றேன்.
இல்லை. சூடானது தானே ஏறும், ஆறினது தானே இறங்கும்.
தண்ணீருக்கு யார் சொல்லித் தந்தது?
நீ ஒருநாளும் சூப் கொதிப்பதைப் பார்த்ததில்லையா, என்றாள்.
பார்த்ததில்லை. குடித்திருக்கிறேன்.

ஜூன் கடைசியில் ஓர் இரவு
குழாய் உறைந்து நெடுக வெடித்தது.
ஆறு சோடா மிச்சம் என்று படுக்கையில் புரண்டேன்.
காலையில் எட்டிப் பார்த்தேன்:
கூரையில் அவள் குந்தியிருந்தாள்,
கையுறையைப் பல்லில் கடித்தபடி,
வெடித்த துண்டை வாளால் அறுத்துக்கொண்டு.
அடியில் ஒரு திருகு வைத்தாள்.
அவள் கதவில் இப்போதும் ஒரு தாள் தொங்குகிறது:
படுக்கும் முன் பல், பூட்டு, கூரைக் குழாய்.

அதன்பிறகுதான் உண்மையான சிக்கல்.
தண்ணீர் கொதிப்பது மதியம் இரண்டு மணிக்கு.
இரண்டு மணிக்கு வீட்டில் பூனைகூட இல்லை.
ஏழு மணிக்கு எல்லோரும் திரும்பும்போது
அது மறுபடியும் வெறும் தண்ணீர்.
குளிர்சாதனப் பெட்டி வந்த தெர்மோகோல்,
அதன்மேல் ஆட்டுத்தோல் இரண்டு,
அதன்மேல் கிழிந்த போஞ்சோ ஒன்று.
டிரம் இப்போது
கூரையில் உட்கார்ந்திருக்கும் பெருத்த ஆள் மாதிரி இருக்கிறது.
நாய்கள் அதைப் பார்த்துக் குரைக்கின்றன.

தோற்றவன் மரியாதைக்கு
ஆறு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனேன், இரவு எட்டு மணிக்கு.
அவள் எதுவும் பேசவில்லை. பேசக் குரலும் இல்லை.
ஒரு தட்டக்கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து
என் முன்னால் வைத்தாள்.

பொறி பட்டுப் பட்டுத் தடித்த கை இது.
குளிரில் வெடித்த இடங்களில் கரி ஏறியிருக்கும்.
உள்ளே விட்டேன்.
லேசாக ஆலிவ் வாசம்.
இரண்டு மணி வெயில்
எட்டு மணிக்கு என் மணிக்கட்டு வரை வந்தது.
கையை எடுக்க மறந்துவிட்டேன்.
நைடா சிரித்துவிட்டு
ஒரு சோடாவைத் திறந்தாள்.

உன் கூரை எத்தனை மீட்டர், என்று
காற்றாகக் கேட்டாள் இலாரியா.

அந்த ஞாயிறு முதல்
தெருவில் எந்தப் பிள்ளை சோடா குடித்தாலும்
பக்கத்தில் போய் நிற்கிறேன்.
மெதுவாகக் குடி, தம்பி.
முடிந்ததும்
நசுக்கிவிடாதே.