மேல்வீட்டுச் சூடு

தேவிகுளத்தில் ஜனவரி.
மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் பதினொரு டிகிரி.
தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன், சும்மா சொல்லவில்லை.
மீட்டர் பார்ப்பது என் பிழைப்பு:
மின்வாரியத்தின் ஒப்பந்த ஆள்,
தோளில் பை, கையில் பில் மிஷின்,
தெருவுக்குத் தெரு நாய்களின் பெயர் தெரியும்.

எந்த வீட்டில் ஹீட்டர் என்று
ஓடும் எண்களே சொல்லிவிடும்.
காய்ச்சிய தண்ணீர்
உடம்பில் நிற்பது ஒரு நொடி.
அப்புறம் ஓட்டை.
காசு கொடுத்த சூட்டில் முக்கால்வாசி
சாக்கடைத் தவளைக்கும்
ஓரத்துச் சேம்பிலைக்கும்.

எங்கள் குளியலறை மூலையில்
மேல்வீட்டுக் கழிவுக்குழாய் இறங்குகிறது.
காலை ஐந்தே முக்காலுக்கு
ரெஜிமோள் குளிப்பாள்; தபாலாபீஸில் வேலை.
ஒரு நாள் பல் தேய்த்தபடி
அந்தக் குழாயில் கை வைத்தேன்.
பிளாஸ்டிக்கைத் தாண்டியும்
பூனை வயிறுபோல ஓர் இளஞ்சூடு.

அடிமாலி பழைய இரும்புக் கடையில்
ஆறடிச் செம்புக் குழாய், நாலு விரல் அகலம்.
சுற்றுவதற்கு மெல்லிசாகப் பதினெட்டு மீட்டர்.
ஷாபு வந்து பிளாஸ்டிக்கை அறுத்துச் செம்பைச் செருகினான்.
கொடி மரம் ஏறுவதுபோல்
சின்னக் குழாயைக் கீழிருந்து சுற்றினான்.
"தண்ணி நடுவுல விழாது சேச்சி,
சுவரப் புடிச்சுக்கிட்டேதான் எறங்கும்.
அதான் விஷயம்."

"கண்டவ குளிச்ச தண்ணியில…"
என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர் சூசைமிக்கேல்.
குறுக்கே இரண்டு செம்புச் சுவர், என்றேன்.
தண்ணீர் தண்ணீரைத் தொடாது.
தாண்டி வருவது சூடு மட்டும்.
அதற்கு அழுக்கும் இல்லை, சாதியும் இல்லை.
மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தார்.
நாலாம் நாள் ஒன்றும் பேசாமல்
குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு சிக்கல்.
அவள் தண்ணீர் இறங்கும்போதே
என் தண்ணீர் ஏற வேண்டும்.
சூடு யாருக்காகவும் காத்திருக்காது.
அதனால் வாளியோடு நிற்கப் பழகினேன்.
மேலே கதவுத் தாழ்,
அப்புறம் ஓர் இருமல்,
அப்புறம் மழை.
திறப்பேன்.
பதினொன்று பத்தொன்பதாகும்.
மீதியை ஹீட்டர் பார்த்துக்கொள்ளும்.
வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்தால்
எனக்கு இன்னொரு வாளி.
அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம்
எனக்குக் குளிர்.

பிப்ரவரியில் கதவைத் தட்டினாள், ஈரத் தலையோடு.
"நான் குளிக்கும்போதெல்லாம் நீங்க பைப்பைத் திறக்கிறீங்க.
என் ஷவர் நூலாப் போகுது."
கூட்டிப்போய்க் காட்டினேன்.
செம்பில் உள்ளங்கையை வைத்தவள்
வெகுநேரம் எடுக்கவில்லை.
"இது என்டெ சூடானோ?"

பிடிபட்டவள்போல யூனிட் கணக்கை ஒப்பித்தேன்:
இரண்டு மாதத்துக்கு முப்பத்தொன்று.
பணம் தந்துவிடுகிறேன் என்றும் உளறினேன்.
அவள் சுருளின் மேல்நுனியையே பார்த்தாள்.
"தொட்டி என் தலைக்கும் மேலதானே இருக்கு?
அப்போ இந்தத் தண்ணி
தன்னால என் ஹீட்டர் வரைக்கும் ஏறுமே."

பதினாறு வருஷம் மீட்டர் பார்க்கிறேன்.
எனக்குத் தோன்றவில்லை.

ஷாபு மறுபடி வந்தான்.
சுருள் முடியும் இடத்தில் ஒரு டீ:
ஒரு கிளை எனக்கு, ஒரு கிளை அவளுக்கு.
"தேயிலை மலையில டீ போடக் கூலியா" என்று சிரித்தான்,
கூலியை எண்ணி வாங்கிக்கொண்டான்.

இப்போது அவள் குளித்த சூடு
கொஞ்சம் அவளிடமே ஏறுகிறது,
அதில் கொஞ்சம் மறுபடி இறங்குகிறது.
முழுசாகப் பிடிக்க முடியாது, தெரியும்.
சேம்பு இன்னும் செழிப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த ரீடிங்கில் இரண்டு மீட்டரையும் நானே பார்த்தேன்.
அவள் பில் என்னுடையதைவிடக் குறைவு.
கிழித்து நீட்டினேன்.
வாங்கி, பார்க்காமலே மடித்தாள்.
பஸ் நேரம் மாறிவிட்டதாம்.
நாளை முதல் ஐந்தரைக்குக் குளிக்கட்டுமா
என்று கேட்டாள்.

அலாரத்தை மாற்றி வைத்தேன்.