நானூறு

காலை ஏழுக்கு நானூறு காட்டும் கேஜ்.
ஓவர்டிரைவ் பிடிக்கும், கல்ஃபான் சிரிப்பார்.
ஸீப் தாண்டுவதற்குள் நழுவிவிடும்.

சொலினாய்டு என்றான் ஸுல்ஃபிகர்.
மாற்றினோம், இல்லை.
ஓ-ரிங் என்றேன் நான்.
அதுவும் இல்லை. இருபத்திரண்டு ரியால் போச்சு.

வாதி கபீரில் பன்னிரண்டரைக்கு வெயில் தடை.
ஷட்டர் பாதி இறங்கும்,
அட்டை விரித்துப் படுப்பார்கள் எல்லோரும்.
இந்த எம்ஜிக்கு அப்போதுதான் நோய் வரும்.

ஸ்டாண்டில் ஏற்றி
டாப் கியரில் சக்கரம் சும்மா சுற்ற,
அடியில் நான்.
முந்நூற்று எண்பது. முந்நூறு.
எண்ணெய் ரசமாய் நீர்த்துக்கொண்டே போகிறது.
இருநூற்றுப் பத்து.
யாரோ குறட்டை விடுகிறார்கள்.

ஆறவிட்டு நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றினேன்.
பட்டாணியளவு எஃகுக் குண்டு,
அது உட்காரும் விளிம்பில் ஒரு கீறல்;
கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது.
செம்புக் கம்பி வைத்து ஒரு தட்டு.
இன்னொன்று தட்டக் கை வந்தது,
அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு மணி, ஏசி இல்லாத வண்டி.
சுவிட்சைத் தள்ளினார்.
இஞ்சின் குரல் ஒரு படி இறங்கி
அங்கேயே நின்றது.
ஸீப் போயிற்று.
பர்கா வந்துவிட்டது, திரும்பலாம் என்றேன்.
காதில் விழாதவர் மாதிரி
ஓட்டிக்கொண்டே இருக்கிறார்.