பதினான்காம் கேள்விக்கு விளக்கம்

எழுத்துப்பிழை இல்லை.
'லாபம்' என்றுதான் சொன்னார்.
லா-வின் துணைக்காலை
நான் தெரிந்தேதான் போட்டேன்.

நூற்றுப் பதினேழாம் எண் நபர்.
பெயர் எழுதக் கூடாது, ஊர் எழுதக் கூடாது.
இந்தத் தாளை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை,
அதனால் எழுதுகிறேன்:
சேவுகன், புதுவயல்.
அரைவை மில்லில் லாரிமேல் நின்று
மூட்டை அடுக்கியவர்.
மார்கழி விடியலில் தார்ப்பாய்க் கயிறு அறுந்து
பதினோரடி கீழே,
எடைமேடை இரும்பில் விழுந்தார்.

காரைக்குடிக்கு வந்து சேர்ந்தபோது
கண்ணுக்கு இரண்டு, பேச்சுக்கு இரண்டு,
கை அசைவுக்கு ஐந்து.
ஸ்கேனில்
நெற்றி எலும்பின் பின்னால்
சாம்பலில் சுண்ணாம்பு சிந்தியிருந்தது.
மூன்று மணி நேரம் முடியுமுன் உறையைப் பிரித்தோம்.
பாட்டிலில் இருந்தது மருந்தா உப்புநீரா,
எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
மனைவி முத்துராக்கு கையெழுத்துப் போட்டாள்.
ஆறாம் பக்கம் பாருங்கள்,
உமி ஒன்று மையோடு ஒட்டியிருக்கும்.

ஆறு மாதம் கழித்துப் போனேன்.
வீடு பூட்டிக் கிடந்தது.
களத்தில்தான் இருவரும்.
அவள் நெல் துழாவ
அவர் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார்.

வாசல், சாவி, எலுமிச்சை, ஞாயிறு, கயிறு.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால்
மூன்று வந்தது.
வெகுநேரம் யோசித்து
"தார்ப்பாய்" என்றார்.
பட்டியலில் இல்லாத சொல், சுழியம்.
அவர் முதுகுக்குப் பின்னால்
ஐந்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்த முத்துராக்கை
கொஞ்சம் தள்ளிப்போய் உட்காருங்கக்கா என்றேன்.

பிறகு இருபதிலிருந்து இறங்கச் சொன்னேன்.
பதின்மூன்றில் நின்றார்,
ஒரு காக்கையைப் பார்த்தார்,
தானாகவே பன்னிரண்டுக்கு வந்தார்.
நாலு. மூணு. ரெண்டு.
லாபம்.
சொல்லிவிட்டு இடது தோளைத் தட்டிக்கொண்டார்,
தூசி போக.

புனேயில் எப்படியோ.
இங்கே நெல் அளக்கிற கை
ஒன்று என்று தொடங்காது.
லாபம், ரெண்டு, மூணு என்றுதான் படி விழும்.
அதனால் சரியான விடை என்று
நானும் உடனே டிக் போட இருந்தேன்.

வண்டியை எடுக்கும்போது முத்துராக்கு சொன்னாள்:
"மகளுக்குப் படிச்சுக் குடுக்கையில
ஒண்ணுன்னுதான் சொல்லுவாக.
மில்லுக்குள்ளதான் லாபம்.
இப்ப எங்கயும் லாபம்தான்.
வீட்டுல இட்லி எண்ணுனாலும் லாபம்."

அப்படியானால் அது பழக்கமா,
நெற்றிக்குப் பின்னால்
எந்த இடத்தில் எந்தச் சொல் என்று பிரித்துத் தரும்
கதவு ஏதோ மூடாமல் போய்விட்டதா?
எனக்குத் தெரியவில்லை.
ஒரு மதிப்பெண்தான்.
அந்த ஒன்றில் அவர்
தேறியவர் வரிசையிலோ
தேறாதவர் வரிசையிலோ போய் நிற்பார்.
அந்தப் பாட்டிலும் அவரோடு போகும்.

உங்கள் படிவத்தில் கட்டமே இல்லாத ஒன்றையும் சொன்னாள்.
மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.
பால் தீய்ந்தது தெரியவில்லை.
அவித்த நெல்லின் ஊறல்நாற்றம்,
பேருந்தில் போகிறவனே மூக்கைப் பொத்துவானே,
அது தெரியவில்லை.
"கூட வேலை பாத்தவுக
குடுத்துவச்சவன்டாங்கிறாக" என்றாள்.
சிரித்தாள்.
பிறகு கேட்டாள்,
"அது மருந்தா, தண்ணியா?"
தெரியாதுக்கா.
"தெரிஞ்சா சொல்லுவியா?"
எல்லாருக்கும் முடியணும் என்றேன்,
இன்னும் அறுபது பேர் சேர வேண்டும்.
அறுபது பேர் எப்படிச் சேருவார்கள் என்பது
சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.
அவள் துழாவுகட்டையை எடுத்துக்கொண்டு
வெயிலுக்குப் போய்விட்டாள்.

அனுப்பப் போகும் பதில் இவ்வளவுதான்:
கேள்வி பதினான்கு. நபர் சொன்னது உறுதி செய்யப்பட்டது.
திருத்தம் இல்லை.
மதிப்பெண் கட்டம் காலியாக இருக்கிறது.
அதற்கும் விளக்கம் கேட்பீர்கள்.