மிச்சம்

தூத்துக்குடியிலிருந்து ராத்திரி பஸ்ஸில்
ஐஸ் பெட்டிக்குள் வந்திறங்கியது கடல்,
மாட்டுத்தாவணியில், லக்கேஜ் சீட்டோடு.

அரைக் கிலோ மட்டி.
ஆய்வகத்துக்குத் தேவை இருபது கிராம்.
கத்தி நுனியால் நெம்பினேன்.
முதலில் உப்பு வாசம்.
அதன் அடியில்,
நாகமலை பெட்ரோல் பங்க்கில்
தினமும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்
அதே நெடி.

அரைத்து, வடித்து, ஊசியில் ஏற்றும்போது
கரண்ட் போனது. வந்தது. மறுபடி போனது.
நாலு மணிக்குத் திரையில் முகடுகள் எழுந்தன.
பசுமலை, யானைமலை, அழகர்மலை என்று
விளையாட்டாய்ப் பெயர் வைத்துக்கொண்டே வந்தேன்.
கடைசி முகட்டுக்கு வைக்கவில்லை.

மட்டிக்கு வாய் மூடத் தெரியும்.
மூடினால் பசி.
திறந்தால்
படகுகள் கழுவிவிட்டதும் சேர்ந்துதான் சாப்பாடு.
எத்தனை குடம் கடல் அதன் வழியே போகிறது!
தண்ணீர் போய்விடும்.
டீசல் தங்கிவிடும்.

வாட்ச்மேன் சோணைமுத்து கதவோரம் நின்றார்.
"மிச்சத்த என்ன பண்ணுவீங்க மேடம்?
கரிமேட்டுல இப்ப யானை விலை."
"கெட்டுப்போச்சுண்ணே."
முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

ஒன்றை எடுத்தார்,
மூக்கருகே வைத்து
நிதானமாக மோந்தார்.

"நல்லாத்தானே இருக்கு."