புள்ளிக்கோடு

நாடாவின் ஒரு முனை டெக்வென் கையில்.
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
முழங்கால் நீரில் நிற்கிறேன்.
வேல்ஸ் நாட்டு ஜூன் மாதம்.
ஆனாலும் கால் மரத்துவிட்டது.

புனித தெவ்ரன் கிணறு என்றதும்
ராட்டினமும் வாளியும் தேடி வருகிறவர்கள்
முகம் சுருங்கித் திரும்புகிறார்கள்.
இது ஊற்று. அதன் தலைக்குமேல்
இருவர் குனிந்து நுழைய ஒரு கல்வீடு.
சாந்து கிடையாது.
ஒவ்வொரு கல்லும் கீழ்க்கல்லைவிட
நான்கு விரல் உள்ளே நீண்டு
உச்சியில் ஒன்றையொன்று தொடுகின்றன,
விழப்போன இருவர்
மோதிக்கொண்டதால் விழாமல் நின்றதுபோல.

படி ஐந்து. மூன்றாவது மட்டும் தொன்னையாய்க் குழிந்தது.
கணை பிடித்த பிள்ளைகளை அங்கே நின்றுதான்
மும்முறை முக்கி எடுத்தார்களாம்.
"மூன்று புள்ளி எட்டு" என்கிறாள் டெக்வென்.
எழுதிக்கொள்கிறேன்.

சேற்றில் வளைத்த குண்டூசிகள்,
வெள்ளைக் கூழாங்கற்கள்,
போன வாரத்து லாட்டரிச் சீட்டு ஒன்று.
'குடிக்க உகந்ததல்ல' என்கிற நகராட்சிப் பலகையின் ஆணியில்
யாரோ ஒரு குவளையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மாடத்துக்கு மேலே
பல் விழுந்த இடமாய் ஒரு வெற்றிடம்:
எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

மூன்றாம் நாள் மழை.
இத்தெல் பிராதரோவின் பன்றித் தொழுவத்தில் ஒதுங்கினோம்.
தலைவாசல் கல்லில் விரல் வைத்த டெக்வென்
எடுக்கவேயில்லை.
அதே சாம்பல் நிறம். அதே உளித்தடம்.
நடுவில் மூக்கில்லாத ஒரு தாடிமுகம்,
தலைகீழாக.
சாமிகளை உடைக்கச் சொன்ன காலத்தில்
எவனோ வண்டியில் ஏற்றி வந்திருக்கிறான்,
உடைக்க மனமில்லாமலோ,
நல்ல கல்லை விட மனமில்லாமலோ.
இங்கே பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும்
தெவ்ரனின் நெற்றிக்கு அடியில் நடந்துதான்
வெளியுலகம் வருகிறது.

நாடாவை நீட்டினேன். எழுபத்திரண்டு.

"தாராளமா எடுத்துக்கோங்க" என்றார் இத்தெல்.
"கூரையைத் தாங்க
உங்கள்ல ஒருத்தர் நின்னுட்டாப் போதும்."
பத்துக் குட்டிகள் மடியை முட்ட
படுத்திருந்த பன்றி
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

இரவு, விடுதி மேசையில்
டெக்வென் கல் கல்லாக வரைந்தாள்.
வெற்றிடம் வந்ததும் பென்சிலைச் சீவினாள்.
தேநீர் ஆறியது.
பிறகு அங்கே புள்ளிக்கோட்டில் ஒரு கல்.
அதிலிருந்து ஓர் அம்பு
கட்டத்தைத் தாண்டி, காகிதத்தின் விளிம்புவரை.
அதன் நுனியில் பொடி எழுத்தில்:

அரை மைல் கிழக்கே.
பணியில் இருக்கிறது.