அளவுக்கு ஓர் ஆள்

டோக்கன் கவுண்டருக்கு மேலே
மின்விசிறிக் காற்றில் ஆணியோடு ஆடுகிறது
வேலூர்க் கோட்டை.
அசலின் நகலுக்கு நகல். பழுப்பு வானம்.
மூலையில் ஆண்டு, ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
கண்ணாடிக்குள் செத்த பல்லிக்குஞ்சு ஒன்று
அகழியில் முதலையாகி வெகுகாலம்.

எக்ஸ்ரே அறையில் என் வேலை.
மூச்சை இழுத்துப் பிடிங்க
அசையாதீங்க
விடுங்க
ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்லும் வாய்
டீ நேரத்தில் இந்தப் படத்தின் முன் மூடிக்கொள்ளும்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
ஆற்றில் நீர் ஓடுகிறது.
மலையில் மரம்.
எங்களூரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கிண்டலை
யாரோ அந்தத் துரையின் காதில் போட
ஒவ்வொன்றாய்த் திருத்திக் கொடுத்திருக்கிறான்.

அவன்மேல் தப்பில்லை.
அவன் வரைந்தது இங்கே, வெயிலில், பென்சிலால்.
செம்புத் தகட்டில் கீறியவன் லண்டனில்
நனைந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.
ஆறு என்று எழுதியிருக்கிறது, ஆனால் வெறும் மணல்.
நம்ப மனம் வராமல்
தண்ணீர் ஊற்றினான்.
பனையைத் தென்னையாக்கினான்.
தகடு தாளில் புரண்டதில்
கோபுரத்துக்கு வலத்தே நிற்கவேண்டிய மலை
இடத்தே போய் நின்றுகொண்டது.

எங்கள் படங்களில்
இடமா வலமா என்று
ஓரத்தில் ஈய எழுத்து ஒன்று வைப்போம்.
அவனுக்கு அந்தக் கவலை இல்லை.
அறுக்கப்போவது யாருடைய காலையும் அல்லவே.

கோபுரத்தடியில் ஓர் ஆள்.
சோற்றுப் பருக்கை உயரம்.
முண்டாசு, ஊன்றுகோல்,
கால்வரை புரளும் துணி.
கட்டடம் எவ்வளவு உயரமென்று
சீமையில் வாங்குகிறவருக்குத் தெரியவேண்டுமாம்,
அதற்காக ஓர் ஆளை நிறுத்துவது வழக்கமாம்.

பெயர் போடவில்லை.
தொப்பளான் என்று நான் வைத்தேன்.
பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல்லறுப்பவன்.
கையில் இருந்தது அரிவாள்;
கோலாக மாறியது கடல் தாண்டிய பின்.
அரையில் இருந்தது கோவணம்.

அசையாதே, என்று துபாஷி கத்தியிருப்பான்.
உச்சிவேளை வரை நின்றால் ஒரு துட்டு.
துரை தண்ணீர் குடிக்கப் போன நேரம்
கறுப்புத் துணியை விலக்கித்
தலையை உள்ளே விட்டான் தொப்பளான்.
பெட்டிக்குள் கோபுரம்
வௌவாலாய்த் தலைகீழாகத் தொங்கிற்று.
சாமி இருந்த நாளில் அவனை உள்ளே விட்டதில்லை.
சாமி போய் வெடிமருந்து குடியேறிய பிறகும்
வாசலில் சிப்பாய்.
இப்போது கலசம் கைக்கெட்டும் தூரத்தில்.
விரலை நீட்டினான்.
விரல்மேல் கோபுரம் விழுந்தது,
எடையே இல்லாமல்.

யாரோ பிடரியைப் பிடித்து இழுத்தார்கள்.

இதெல்லாம் படத்தில் இல்லை.
நான் சொல்வதுதான்.
என் தொழிலில் உள்ளே இருப்பதை மட்டுமே சொல்லலாம்,
அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

போன செவ்வாய், மெஷின் பழுது.
ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குள் போனேன்.
அவன் நின்ற இடம் இப்போது வண்டி நிறுத்துமிடம்
என்று நினைக்கிறேன். உறுதியில்லை,
மலையை மனசுக்குள் புரட்டிப் புரட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.
போனில் எடுத்தேன். கோபுரம்
கொலுப் பொம்மைபோல் விழுந்தது.
பின்னால் போய் எடுத்தேன். இன்னும் பொம்மை.
ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ரசீது கிழிக்கும் பையனிடம்
'தம்பி, அங்கே கொஞ்சம் நில்லேன்' என்றேன்.
'எதுக்குக்கா?'
'சும்மா.'
சொன்ன பிறகுதான் உறைத்தது,
துட்டு கூடக் கொடுக்கவில்லை நான்.

நின்றான்.
அசையாதே என்று சொல்லாமலே
அசையாமல் நின்றான்,
ரசீதுக் கட்டை முதுகுக்குப் பின் மறைத்து.

காட்டுங்க என்று போனை வாங்கினான்.
இரண்டு விரலால் திரையை விரித்தான்.
கலசம் போயிற்று.
நிலைகள் போயின.
வாசல் போயிற்று.
திரை நிறைய அவன் முகம்,
மேலுதட்டில் வியர்வை.

'கண்ண மூடிட்டேன்க்கா,
இன்னொண்ணு எடுங்க.'